நாலு விரல் மண்

தடாலென்று கீழே ஏதோ விழுந்தது. மொட்டை மாடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரி, கையில் பிடித்த புல்லோடு நிமிர்ந்தாள். காலடியில் தளம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக வலது முழங்காலைத் தாங்கித் தாங்கி இறங்கினாள். அதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐந்தாம் மாடியிலிருந்து ஏறி வந்து, எட்டாம் மாடி நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நர்ஸ் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றாள்.

உள்ளே, கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. மேலே கம்பி பல்லிளித்தது.

"பாக்கல சார். தூங்கிட்டிருந்தேன்" என்றாள் நர்ஸ்.

"பாக்கலையா? மூணு மாடிக்குக் கீழ நான் டம்ளரைக் கை நழுவ விட்டுட்டேன். நீ பக்கத்துலயே படுத்துக்கிட்டுப் பாக்கலையா? கும்பகர்ணன் உனக்குத் தம்பி முறையாகணும் போல."

"பன்னெண்டு மணி நேரம் நைட் டியூட்டி சார்."

செயலாளர் தோட்டக்காரியின் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா உன் பச்சைக் கூரை லட்சணத்த? வீடு குளிரும், மழைத் தண்ணிய மண்ணு குடிக்கும்னு கதை கதையா சொன்ன. இப்ப கூரையே இறங்கி வருது. நாளைக்குக் காலைல ஆள் வரச் சொல்றேன். மண்ணை அள்ளிட்டு வெள்ளை ஓடு பதிச்சிடலாம்."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். எங்கேருந்து இறங்குதுன்னு பாத்துடறேன்."

"பாரு. பாத்துட்டு அள்ளலாம்."

அவள் மறுபடி மாடி ஏறினாள். ஆறு வருஷத்துக்கு முன் நீர் இறங்காத விரிப்புப் போட்டு, அதன்மேல் சரளை, வடிதுணி, பிறகு நாலு விரல் மண் என்று அடுக்கடுக்காகப் பரப்பியவள் அவள்தான். மண் மூட்டைகளில் பாதி அவள் தோளில் ஏறி வந்தவை. இந்தத் தெருவில் இன்னும் மூன்று மாடிகளும் அவள் பார்வையில்தான் இருந்தன. இங்கே மண்ணை அள்ளினால் 'அங்கேயே எடுத்துட்டாங்களாமே' என்று அந்த மூன்றும் போகும். அப்புறம் அவள் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும்.

நர்ஸ் வீட்டுக்கு நேர் மேலே, தண்ணீர்த் தொட்டி மூலையில் கால் வைத்தாள். புதைந்தது. கல்தாமரைச் செடிகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்திருந்தன. போன வாரமே அவள் இதைப் பார்த்தாள். மழை அதிகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மூலையின் வடிகால் பெட்டி தொட்டிக் குழாய்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மண்டியிட்டு, தலையைக் குனிந்து ஊர்ந்தால்தான் எட்டும். மாதம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். முழங்கால் கேட்காததால் இரண்டு மாதமாகத்தான் அங்கே போகவில்லை என்பது அவள் கணக்கு. பராமரிப்பு நோட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தாள். மூடியைத் திறந்து கையை விட்டாள். இலைக் குப்பை வரும் என்று நினைத்த கையில் துணி தட்டுப்பட்டது. இழுத்தாள். ஆபரேஷன் தியேட்டரில் விரிக்கும் பச்சைத் துணி, விளிம்பெல்லாம் உள்ளே மடித்து இறுகச் சுருட்டி, மேலே மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நர்ஸின் வேலை என்று சொல்ல அந்த மடிப்புக்குக் கையெழுத்தே தேவையில்லை.

தேங்கிய தண்ணீர் களக் களக்கென்று குழாயில் இறங்கியது. துணியைப் பிழிந்து இடுப்பில் புடவைக்குள் செருகிக்கொண்டு, குழாயில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

செயலாளர் மூச்சு வாங்க மேலே வந்தார். "என்னாச்சு?"

உண்மையைச் சொன்னால் நர்ஸ் நாளைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

"வடிகால் அடைச்சிருந்துச்சு சார். தண்ணி தேங்கி, இந்த மூலையில விரிப்பு தூக்கிடுச்சு. கூரை மேல குத்தமில்ல. நான்தான் ரெண்டு மாசமா பாக்கல."

"நோட்டுல கையெழுத்து மட்டும் கொடி மாதிரி படர்ந்திருக்கு?"

அவள் குனிந்து வடிகால் மூடியைப் பொருத்தினாள்.

அவர் செருப்பு நுனியால் ஈர மண்ணை அழுத்திப் பார்த்தார். "மண்ணு இருக்கட்டும். விரிப்பும் பூச்சும் உன் செலவு. இனிமே வாரா வாரம் நான் வந்து நின்னு பாப்பேன். பொய்யின்னு ஒண்ணு தெரிஞ்சா, மண்ணுக்கு முன்னாடி உன்னை அள்ளிடுவேன்." முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் போவதற்காகவே காத்திருந்தவள் போல நர்ஸ் மொட்டை மாடிக் கதவின் பின்னாலிருந்து வந்தாள். தோட்டக்காரி துணியை எடுத்து நீட்டினாள்.

நர்ஸ் வாங்கிக்கொண்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். "மண்ணு ஈரமா இருந்தா ரூம் இன்னும் குளிருது அக்கா. பகல்ல நாலு மணி நேரமாவது கண்ணு சொக்குது. இல்லன்னா ஊசி போடறப்ப கை நடுங்குது."

"தலையில விழுந்திருந்தா ஒரேயடியா தூங்கியிருப்ப. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு விரல் மண்ணு போட்டிருப்பேனே. உனக்காக இப்ப அந்த மனுஷன் கிட்ட நான் பழி சுமக்கிறேன்."

"தெரியும்க்கா. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்."

"துணிய அங்க வச்சு எவ்வளவு நாளாச்சு?"

"அஞ்சு மாசம்."

தோட்டக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு மாசமா?"

"முதல் மாசம் நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சேன்க்கா. நீங்க குழாய்க்கு அந்தப் பக்கம் குனியறதே இல்லன்னு தெரிஞ்சதும் எடுக்கறத விட்டுட்டேன்."