நாலு பிளக்கும் ஒரு டாங்கி எண்ணெயும்

லோகேஸ்வரியின் காரை விற்றுவிடுவது என்று சுகுமாரன் முடிவு கட்டியபோது பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் நல்லமுத்து அண்ணனிடம் போனிலேயே பேசி முடித்துவிட்டு, தோசையைப் பிட்டபடி விஷயத்தைச் சொன்னான்.

"தண்ணி மாதிரி எண்ணெ குடிக்குது லா இந்தக் காடி. நம்ம ரெண்டு பேருக்கும் என் காடி ஒண்ணே போதும்."

போதுமாம்! அவன் காரில் ஏறினால் ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து அவள் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வரைக்கும் ரேடியோவும் அவன் இஷ்டம், ஜன்னலும் அவன் இஷ்டம். அந்தப் பழைய சின்னக் காரோ, அவள் தன் முதல் போனஸைப் போட்டு வாங்கியது. வேலை முடிந்ததும் கடலோரமாக நிறுத்தி, தனியாக உட்கார்ந்து ஒரு பொட்டலம் கச்சாங் கடலையைக் கொறித்துவிட்டு வருவாள். நாளெல்லாம் யாராவது ஒருவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அந்தக் கால் மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அதையும் நல்லமுத்து அண்ணனுக்குத் தூக்கிக் கொடுப்பாளா?

"கொஞ்சம் டைம் குடுங்க. எண்ணெ குடிக்கிறத நிறுத்திக் காட்டுறேன். முடியலன்னா நானே சாவியக் குடுத்துர்றேன்."

"எப்படி நிறுத்துவ? அதோட வாயப் பொத்துவியா?"

எப்படி என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் அவள் வேலையே அளந்து பார்ப்பதுதான். முதலில் பெட்ரோல் டாங்கியை நிரப்பினாள். பம்ப் 'டக்'கென்று தானாக நின்றதும் நிறுத்திக்கொண்டாள். டாங்கி காலியாகும் வரை ஓட்டிவிட்டு, மறுபடி 'டக்' வரை நிரப்பினாள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டதும் முகம் சுருங்கியது. புருஷன் சொன்னது பொய்யில்லை.

நேராகச் சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதிடம் போனாள். அவர் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார்.

"இத எப்ப மாத்துனீங்க தங்கச்சி?"

"மாத்தணுமாண்ணே?"

ஹபீப் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கூராக இருக்க வேண்டிய முனைகள் மழுங்கிப்போய், நடுவில் இடைவெளி அகன்றிருந்தது. "பொறி சரியா விழல. எரியாத எண்ணெ அப்படியே புகையாப் போயிருக்கு."

அவ்வளவுதான், லோகேஸ்வரிக்குள் இருந்த கேள்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. நாலு கால் வைத்த பிளக்கில் நாலு பொறி வருமா? வராதாம், ஒரு நேரத்துக்கு ஒன்றுதானாம். இரிடியம் முனை வைத்த பிளக் போட்டால் எண்ணெய் மிச்சமா? இந்தப் பெட்டியில் பாதிக்குப் பாதி மிச்சம் என்று போட்டிருக்கிறதே?

"பெட்டி என்ன வேணும்னாலும் பேசும் லா. புதுசா இருந்தா சாதா பிளக்கும் கிட்டத்தட்ட அதே மிச்சம்தான். இரிடியம் ரொம்ப நாள் உழைக்கும். நீங்க பிளக்கு மாத்துற லட்சணத்துக்கு அதுதான் சரி."

காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த எண்ணுக்குப் பொருந்தும் இரிடியத்தையே மாட்டச் சொன்னாள். அவர் தேநீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது.

சிக்னலில் நிற்கும்போது காருக்கு வரும் நடுக்கம் அன்றே காணாமல் போனது. அதே வழியில் அதே வேகத்தில் டாங்கி தீரும்வரை ஓட்டினாள். மறுபடி நிரப்பும் நாளில் சுகுமாரன் சாட்சிக்கு வந்தான். அவள் உள்ளே வரிசையில் நின்று பணம் கட்ட, அவன் வெளியே எண்ணெய் அடித்தான். திரும்பி வந்தவள் கணக்குப் போட்டாள். பழைய பிளக்கைவிட மோசம்!

அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் கேள்வி வந்தது. இவ்வளவு மெத்தென்று ஓடும் கார் எப்படி அதிகமாகக் குடிக்கும்?

"அளவுல எங்கயோ தப்பு இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சிரித்தான் சுகுமாரன். அவன் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் பட்டையாக அழுக்கு. அதைத் தனியாகத் துவைக்க வேண்டுமே என்ற எரிச்சல் வேறு அவளுக்கு.

மறுநாள் டயருக்குக் காற்றடிக்க எண்ணெய்க் கடையில் நிறுத்தியிருந்தாள். பம்ப் பக்கத்தில் ஒருவர் குழாயை டாங்கியில் செருகிவிட்டு, காரின் மேல் சாய்ந்து, உரலாட்டுவது போல் அதை ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இறங்குமே, அதற்காக. ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். அவர் நிமிர்ந்தபோது சட்டையின் நெஞ்சில் பட்டையாக அழுக்கு.

"அடப்பாவி மனுசா!" என்றாள் லோகேஸ்வரி, வாய்விட்டே.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "காடிய ஆட்டினீங்களா?"

"ஆட்டாம யாரு எண்ணெ அடிப்பா? ரெண்டு மூணு லிட்டர் கூட இறங்கும்ல?" பெருமை வேறு!

"காடி குடிக்கல. நீங்கதான் கூட ஊத்தியிருக்கீங்க! அந்த ரெண்டு மூணு லிட்டரும் அது குடிச்ச கணக்குல ஏறிடுச்சு."

விளங்கியதும் சுகுமாரன் போனை எடுத்தான். நல்லமுத்து அண்ணனிடம் அடுத்த வாரம் வரச் சொன்னான்.

அடுத்த வாரம் டாங்கி தீர்ந்து மறுபடி நிரப்பப் போனபோது, பம்ப் 'டக்'கென்று நின்றதும் நல்ல பிள்ளையாகக் கையை எடுத்துவிட்டான். "ஆட்டல, போதுமா?"

"ஆட்டுங்க."

"என்னா?"

"போன தடவ ஆட்டித்தானே நிரப்பினீங்க? இந்தத் தடவையும் அதே மாதிரி நிரப்பினாத்தான் கணக்கு சரியா வரும்."

"ஆட்டாம விட்டா நீ சுலபமா ஜெயிச்சிடுவ, லோகா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவளுக்கும் ஆசைதான்.

"பொய்யா ஜெயிச்சா, பிறகு அதுல உக்காந்து எப்படிங்க நிம்மதியா கச்சாங் திங்கிறது? ஆட்டுங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினார்கள். பக்கத்து பம்பில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனி ஒரு சொட்டும் இறங்காது என்றான பிறகு சுகுமாரன் போனில் கணக்குப் போட்டான். நம்பாமல் இன்னொரு தடவை போட்டான். பழைய பிளக்கில் போனதைவிட லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது.

பெட்டியில் போட்டிருந்ததற்குப் பக்கத்தில்கூட வராதுதான். ஆனால் அவளுக்கு அது போதும். சுகுமாரன் அங்கேயே நின்று போன் செய்தான்.

"அண்ணே, காடி விக்கல. இல்லண்ணே, வெலைக்காக இல்ல. அது என்னோடது இல்ல லா. லோகாவோடது. நான் கேக்காம பேசிட்டேன்."

லோகேஸ்வரி ஏறி ரேடியோவைப் போட்டாள். சுகுமாரன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ரேடியோ பக்கம் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டு பெல்ட்டைப் போட்டான்.