கைப்பிடி இல்லாத குழாய்

பூங்கா ஓரத்துப் பூப்பாத்தியைப் பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்தவள் ஃபுசாஎ மொரிவாகி. தொண்டர் குழு என்று பெயர்தானே ஒழிய, அவளும் அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத நாலு கிழங்களும்தான் குழு. கண்டவரும் திறந்துவிடாதபடி பூங்காக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பொறுப்பானவர் வீட்டில் வைப்பது அந்த ஜப்பானியப் பேட்டையின் வழக்கம். பொறுப்பானவர் ஃபுசாஎ.

ஏப்ரலில் குடிவந்த இகராஷி இரண்டே மாதத்தில் எல்லாரையும் வளைத்துப் போட்டாள். உங்களுக்கு என்ன பூ பிடிக்கும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் ஃபுசாஎ யாரிடமும் அதைக் கேட்டதில்லை. நாலு கிழங்களும் இப்போது இகராஷி சொன்ன ஜோக்கையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். இகராஷி நட்ட செண்டுமல்லி கோணலாக இருக்கிறதென்று ஃபுசாஎ பிடுங்கி மறுபடி நட்டாள். கோணல் எதுவும் இல்லையென்று அவளுக்கே தெரியும்.

ஆகஸ்டில், முன்னோருக்குப் படைக்கும் நாட்களுக்காக மகன் வீட்டுக்குக் கிளம்பினாள். கைப்பிடியை இகராஷியிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்; கொடுக்கவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். நாலு நாள் வெயிலில் பாத்தி கருகட்டும், நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கட்டும்.

மறுநாளே இகராஷி போனில் கூப்பிட்டாள். மறந்துபோய் எடுத்து வந்துவிட்டதாக ஃபுசாஎ வருத்தப்பட்டுப் பேசினாள்.

"பரவால்லைங்க. நாங்க பாத்துக்கறோம்."

அந்த "நாங்க" மூன்று நாளும் அவளைத் தூங்கவிடவில்லை.

திரும்பி வந்த மாலை, பெட்டியோடு நேரே பூங்காவுக்குப் போனாள். மண் ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வீடு முந்தின நாள் குளித்துவிட்டுத் தொட்டியில் மிச்சம் வைத்த தண்ணீரை வாளியில் மொண்டு வந்து கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர் அடுக்குமாடியிலிருந்து முன்பின் பார்த்திராத முகங்கள். செண்டுமல்லி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

இகராஷி ஓடி வந்து குனிந்து வணங்கினாள். "நீங்க மறந்ததே நல்லதாப் போச்சு, மொரிவாகி சான். கைப்பிடி இருந்திருந்தா நான் ஒருத்தியே ஊத்திட்டுப் போயிருப்பேன். இப்பப் பாருங்க, பதினேழு பேர் சேந்திருக்காங்க."

குத்தலாகச் சொல்கிறாளோ என்று ஃபுசாஎ அவள் முகத்தைத் துழாவினாள். குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இகராஷி அடுத்த வாளியைக் கைமாற்றி வாங்கப் போனதும், அடுக்குமாடிக்காரி ஒருத்தி யார் எந்தக் கிழமை என்று எழுதிய அட்டையும் பேனாவுமாக வந்தாள்.

"புதுசா சேர வந்தீங்களா? தண்ணிய இலைமேல ஊத்தாம வேர்ல ஊத்தணும், அவ்ளோதான். பேர் எழுதிக்கவா?"

பன்னிரண்டு வருஷம் தொண்டைவரை வந்து நின்றது. ஃபுசாஎ அதை விழுங்கினாள்.

"எழுதிக்கோங்க. இகராஷி சான் வராத கிழமையாப் பாத்துப் போடுங்க."

"அவங்க தினமும் வர்றாங்களே."

ஃபுசாஎ பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப எனக்கும் தினமும் போடுங்க."