பதினொண்ணு பத்துக்கு எழுந்தவ

என் பேரு சாமுண்டீஸ்வரி. மண்ணூர்பேட்டைல ஊடு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கார் ஒயரிங் கம்பெனில வேல. காலைல பத்து மணிக்கு முன்னாடி என்கிட்ட வாயக் குடுத்தவன் ஒருத்தனும் முழுசாத் திரும்பிப் போனதில்ல. பால்காரரு, கம்பெனி பஸ் டிரைவரு, எங்க ஊட்டுக்காரரு தேவா, எல்லாரும் வாங்கிக் கட்டிக்கினவங்கதான். சாயங்காலம் ஆச்சுன்னா நானே கூப்ட்டு சிரிச்சிப் பேசுவேன். என் கொணம் அப்டி, இன்னா பண்றது?

எங்க லைனுக்கு லீடர் எடம் காலியாச்சு. லீடருக்கு ஸ்டூல் உண்டு. பத்து வருசமா நின்னுகினே வேல செஞ்சி என் முட்டி ரெண்டும் தேஞ்சிபூட்சு. அந்த ஸ்டூல் எனக்கு வேணும். அந்த நேரம் பாத்து, ஆபீசுக்குப் புதுசா வந்த எச்.ஆர் பொண்ணு கிருஷ்ணப்பிரியா ஆளுக்கொரு பாரம் குடுத்து ரொப்பச் சொல்லிச்சு. நீங்க விடியறப்பவே தானா முழிச்சிக்கிற காலை ஆளா, லேட்டா எழுந்துக்கிற சாயங்கால ஆளான்னு கேள்வி. காலை ஆளுங்கதான் பொறுமைசாலி, பொறுப்பானவங்கன்னு மேனேஜர் எங்கியோ படிச்சிட்டாராம். லீடர அதுலேர்ந்துதான் எடுப்பாராம்.

"வேலையும் இல்லை, எழுப்ப ஆளும் இல்லைனா எத்தனை மணிக்கு எழுந்துப்பீங்க?"ன்னு கடைசிக் கேள்வி. அப்டி ஒரு நாள எவ கண்டா? கொழாவுல தண்ணி நாலரைக்கு வரும். நாலரைன்னு எழுதிட்டேன். பக்கத்துல கீற பொன்னியம்மா அத்தப் பாத்து எழுதினா. அவளப் பாத்து அடுத்தவ. நாப்பது பொம்பளைங்களும் நாலரை!

மேனேஜர் அசந்துபூட்டாரு. இத்தினி காலை ஆளுங்க ஒரே எடத்துலயான்னு சந்தோசம் தாங்கல. ஆறு மணி ஷிப்டு அடுத்த மாசத்துலேர்ந்து அஞ்சு மணிக்குன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாரு. அஞ்சுக்கு வரணும்னா மூணரைக்கு எழுந்துக்கணும். நாலரை மணித் தண்ணிய யாரு புடிக்கிறது?

கேன்டீன்ல எல்லாரும் என்னச் சூழ்ந்துகினாளுங்க. "நீ எழுதனத்தத்தான்டி நாங்க எழுதினோம்! நீயே போய் சொல்லு!"

போனேன். "எல்லாரும் தப்பா எழுதிட்டோம்மா."

"அப்போ சரியான டைம் என்னக்கா?" கிருஷ்ணப்பிரியா கேட்டிச்சு.

"எனக்கே தெரியாதும்மா. தூங்கிப் பாத்தாத்தானே தெரியும்!"

அது சிரிச்சிடுச்சு. அப்பால ஒரு வழி சொல்லிச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை நாப்பது பேரையும் யாரும் எழுப்பக் கூடாது. தானா எழுந்த மணியத் திங்கக்கெழமை உண்மையா எழுதணும். அந்த பாரத்த மேனேஜர்கிட்ட கிருஷ்ணப்பிரியாவே கொண்டுபோய்க் காட்டுமாம். "ஆனா அக்கா, லீடரையும் அந்த பாரத்த வெச்சித்தான் எடுப்பாங்க. யோசிச்சிக்கோங்க"ன்னிச்சு.

சனிக்கெழமை ராத்திரி தேவாகிட்ட கொடத்தக் காட்டி, "யோவ், நாளைக்குத் தண்ணி நீ புடி. என்ன எழுப்பின, அவ்ளோதான்"னு சொல்ட்டுப் படுத்தேன்.

கண்ணத் தொறந்தா, தேவா என் மூக்குக்குக் கீழ வெரல வெச்சிகினு நிக்கறாரு. மூஞ்சில ரத்தமே இல்ல. "உயிரோடதான் கீறியா?" மணி பதினொண்ணு பத்து.

எனக்கு சிரிப்பு பொத்துகினு வந்திச்சு. "ஒரு டீ போட்டுக் குடுங்களேன்"னு கேட்டேன். மனுசன் ரெண்டடி பின்னால போனாரு. எம் பொண்ணு தீபிகாவக் கூப்ட்டுத் தல வாரிவுட்டேன். சிக்கு எடுக்கறப்போ ஒரு கொட்டு கூட இல்ல. அது திரும்பி என் நெத்தியத் தொட்டுப் பாத்திச்சு.

"அம்மா, உனக்கு ஜுரமா?"

பன்னெண்டு வயசு அதுக்கு. எழுந்ததும் சிரிக்கிற அம்மாவ அது பாத்ததே இல்ல. ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு.

திங்கக்கெழமை பாரத்த வாங்கினேன். பேனாவப் புடிச்சிகினு, ஸ்டூல ஒரு தபா பாத்தேன். பதினொண்ணு பத்துன்னு எழுதிட்டேன். மத்தவளுங்களும் எட்டு, ஒம்போதுன்னு எழுதினாளுங்க. பொன்னியம்மா மட்டும் நெசமாவே நாலரைக்கு முழிச்சிகினாளாம், பாவி. ஷிப்டு ஆறுலயே நின்னுச்சு. ஸ்டூலு அவளுக்குப் பூட்சு.

சாயங்காலம் கிருஷ்ணப்பிரியா என்னாண்ட வந்து நின்னுச்சு. "சாரிக்கா. உங்க பேருக்கு நேரா சாயங்கால ஆளுன்னு போட்டுட்டாங்க."

"போட்டுக்கட்டும்மா. ஆனா கோவக்காரின்னு மட்டும் போடச் சொல்லாத." பையத் தோள்ல மாட்டிகினேன். "நான் கோவக்காரி இல்லம்மா. கண்ணாலம் ஆனதுலேர்ந்து எனக்குத் தூக்கம் பத்தல, அவ்ளோதான்."