தம்பியும் விண்ணப்பித்திருந்தான்

அச்சகத்தில் அவசர வேலை என்று அக்கா அன்று காலை வீட்டில் பொய் சொன்னாள். பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தம்பி சொன்னான். ஒன்பதரை மணிக்குப் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில், நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும் அறையில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

இருவரும் ஒரே மாலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள். அக்கா நடுவில் நாலு வருஷம் அச்சகத்தில் வேலை மட்டும் பார்த்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பியதால் தம்பியின் வகுப்பிலேயே உட்கார நேர்ந்தது. இந்தப் பல்கலைக்கழகம் நான்காண்டு வணிக நிர்வாகப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் வெளிக் கல்லூரிகளிலிருந்து முப்பது பேரைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்ணப்பம் எழுநூறைத் தாண்டும். தம்பி போட்டிருக்கிறான் என்று தெரிந்திருந்தால் அவள் போட்டிருக்கவே மாட்டாள். தெரிந்தால் அக்கா போடாமல் விட்டுவிடுவாள் என்றுதான் அவனும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

"பல் வலி எப்படிடா இருக்கு?" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டான். காலையிலிருந்து இருந்த பயம் போய், பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த மாதிரி அவளுக்கு ஒரு துள்ளல் வந்துவிட்டது.

குழு விவாதத்துக்காக ஆறாறு பேராகப் பிரித்தபோது இருவரும் ஒரே குழுவில் விழுந்தார்கள். அக்கா நேரே தேர்வை நடத்திய பேராசிரியையிடம் போய், இவன் என் தம்பி, மாற்றுவதானால் மாற்றிவிடுங்கள் என்றாள். அவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். நாளைக்கு வேலைக்குப் போனால் யாரோடு வேண்டுமானாலும்தான் உட்கார வேண்டிவரும், போய் ஆரம்பியுங்கள் என்றுவிட்டார்.

கையில் கொடுத்த காகிதங்களில் ஒரு பேக்கரியின் கதை இருந்தது. மூன்று கிளைகள், வியாபாரம் சரிந்துகொண்டே போகிறது. எந்தக் கிளையை மூடலாம்? மூன்றாவது கிளைக்கு ஆளே வருவதில்லை, அதைத்தான் மூட வேண்டும் என்று தம்பி முந்திக்கொண்டான். மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். எந்தக் கிளையில் எத்தனை அடுப்பு என்று அங்கே ஒரு சின்ன அட்டவணை இருந்தது. அடுப்பு எல்லாமே மூன்றாவது கிளையில்தான்.

"அதை மூடினா மத்த ரெண்டு கடையிலயும் விக்கிறதுக்கு ரொட்டியே இருக்காது," என்றாள். "எங்க அச்சகத்துலயும் கூட்டமெல்லாம் முன்னாடி கவுண்டர்லதான். பின்பக்கம் ஒருத்தரும் வர்றதில்லை. அதுக்காக மெஷினை வித்துட முடியுமா?"

தம்பி வீட்டில் மாதிரியே விடவில்லை. அப்படியானால் அங்கே விற்பனையை மட்டும் நிறுத்திவிட்டு ஆட்களை மற்ற கடைகளுக்கு அனுப்பலாமே என்றான். அவள் மறுத்தாள், மற்றவர்களும் புகுந்தார்கள். நேரம் முடிந்தபோது ஆறு பேரும் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் வீடு வரைக்கும் அதே பேச்சுதான். இருவரும் ஒருவர் விண்ணப்ப எண்ணை மற்றவர் குறித்துக்கொண்டார்கள். அம்மா இரண்டு பொய்க்கும் சேர்த்துவைத்துத் திட்டிவிட்டு, முடிவு எப்போது வரும் என்று மூன்று தடவை கேட்டாள்.

பதினெட்டாம் நாள் மதியம் அச்சகத்துக்கு போன் வந்தது.

"லிஸ்ட்ல உன் நம்பர் இருக்குக்கா. பதினொண்ணாவது."

"உன்னுது?"

"இல்லை. அதை அப்புறம் பேசலாம். நீ முதல்ல சந்தோஷப்படு."

அவள் காகிதக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்ததும் மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, மை படிந்த கையாலேயே கை குலுக்கினார். நாள் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. புள்ளியியல் மதிப்பெண் பத்தவில்லையாம், திரும்ப எழுதினால் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாமாம். அவளுடைய புள்ளியியல் நோட்டு அதற்குள் அவன் மேஜைக்குப் போயிருந்தது.

"அடுத்த வருஷம் நான் உனக்கு ஜூனியர். ரொம்ப அலட்டிக்காதே," என்றான்.

வகுப்பு தொடங்கிய அன்று அவள் உட்காருவதற்குள் அவனிடமிருந்து ஏழு செய்தி வந்துவிட்டது. ஹால் எவ்வளவு பெரிசு, எத்தனாவது வரிசை, பக்கத்தில் யார், யார் பாடம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். கடைசியில், பாடம் ஆரம்பிக்குதுடா என்று தட்டி அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுப் புது நோட்டைத் திறந்தாள்.