மேலேயிருந்து வரும் எண்

"ஆத்துப் பக்கமே போகலை. தண்ணி எப்படி இருக்குன்னு மட்டும் எழுதிட்டீங்க! ஜோசியம் ஏதாவது கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

தேசியச் சுற்றுச்சூழல் முகமையின் நீர்ப் பரிசோதகர் தேநீரை உறிஞ்சியபடியே செல்போனில் எண்ணைத் தட்டி அனுப்பினார். தினமும் காலையில் ஆற்றில் இறங்கி, ஒரு பாட்டில் நீர் எடுத்து, கருவியில் வைத்துக் கலங்கலை அளந்து அனுப்புவது அவர் வேலை. அன்று மழை தூறியது. அதனால் ஆற்றுக்குப் போகாமல் நேற்றைய ஏழையே இன்றைக்கும் அனுப்பிவிட்டார்.

"தினமும் இதேதான் வருது. யாரு இதை உட்கார்ந்து படிக்கப் போறா?" என்றார்.

அலுவலகத்தில் அன்று ஒரே தடபுடல். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பக்கத்து நாட்டோடு சேர்ந்து நதியைக் காக்க ஒப்பந்தம் போட்டுப் பத்து ஆண்டு நிறைகிறது. நாடு இரண்டானாலும் பேசும் மொழி ஒன்றுதான். பெரிய திரையில் அந்தப் பக்கத்துக் குடிநீர் நிலையம் தெரிந்தது. தண்ணீரைத் திறந்துவிடும் ஆளுயர இரும்புச் சக்கரத்தின் அருகே நீலக் கோட்டு அணிந்த பெண் ஒருத்தி நின்றாள்.

"எங்க ஊர்ல நாப்பதாயிரம் வீடு, ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. எல்லாருக்கும் தண்ணி இது வழியாத்தான். எங்க கருவி காட்டுறதுக்குள்ள அழுக்குத் தண்ணி தொட்டிக்குள்ள வந்துடும். முன்கூட்டியே சொல்றது உங்க நம்பர்காரர்தான். பத்துக்குக் கீழே இருந்தாத்தான் திறப்பேன். அவரை ஒருநாளாவது பார்க்கணும்னு ஆசை."

இயக்குநர் பெருமையோடு பரிசோதகரைக் காட்டினார். அவர் திரையையே பார்த்தார். தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிய ஓர் எண், எல்லை தாண்டிப் போய் ஒரு நகரத்துக் குழாய்களை எல்லாம் திறக்கிறதா! உடம்பு சிலிர்த்தது. கூடவே காலையில் அனுப்பிய ஏழு நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு ஏழு. இதோ, திறக்கிறேன்." அவள் சக்கரத்தில் கை வைத்தாள்.

"அக்கா, திறக்காதீங்க!" பரிசோதகர் எழுந்துவிட்டார். "அது நேத்து நம்பர். நான் இன்னைக்கு ஆத்துக்கே போகலை."

இயக்குநரின் முகம் சிவந்தது. "விசாரணையெல்லாம் அப்புறம். முதல்ல பாட்டிலை எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

முழங்கால் நனைய ஆற்றில் இறங்கி, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கருவியில் வைத்தார். மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் ஏழு. யாரோ சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதுவரை அவள் சக்கரத்தை விட்டு நகரவே இல்லை. நாற்பதாயிரம் வீடுகளும் அவளோடு காத்திருந்தன. எண்ணைக் கேட்டதும் மெல்லச் சுற்றினாள். திரை வழியே தண்ணீரின் இரைச்சல் அறையை நிறைத்தது. அத்தனை பேரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள்.

"அதே ஏழுதான், தம்பி," என்றாள் அவள். "ஆனா காலையில வந்ததை நம்பித் திறந்திருந்தா அது வெறும் அதிர்ஷ்டம். மேலே இருக்கிற உங்க கண்ணை நம்பித்தான் கீழே நாங்க பிள்ளைங்க வாயில தண்ணி ஊத்துறோம். ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டா மட்டும் ஆறு சுத்தமாயிடாது. தினமும் ஒருத்தர் இறங்கிப் பார்க்கணும்."