காதுக்காரர் பார்த்துக் கொடுத்த வண்டி

"சத்தமே இல்லைங்கிறேன், நீ என்னடான்னா..."

"நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க மாமா..."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வண்டிச் சத்தம் கேக்க ஆரம்பிச்சவன்டா நான்!"

"நான் பொறந்து, வளந்து, போன மாசம் வாங்கின வண்டியில வர்ற சத்தத்தைத்தான் மாமா சொல்றேன்!"

வாசலில் இவ்வளவு ரகளை நடக்க, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள் அவள். கத்திக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் கட்டினவர், இன்னொருவன் கூடப் பிறந்தவன். யார் பக்கம் நின்றாலும் மற்றவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நடுவே அந்தப் பழைய எஸ்.யூ.வி. இஞ்சின் ஓடிக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதே தெரியாததுபோல உறுமிக்கொண்டு நின்றது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கூப்பிடுவது அவள் புருஷனைத்தான். மற்றவர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, அடியில் படுத்துப் பார்ப்பார்கள். அவர் அதெல்லாம் தொடமாட்டார். ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போவார். இறங்கி, "வாங்கு" என்பார், இல்லையென்றால் "விடு" என்பார். அவ்வளவுதான். வண்டிச் சந்தையில் அவருக்குப் பெயரே காதுக்காரர். தம்பி இந்த வண்டியை வாங்கியதுகூட அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான்.

நாளைக்கு அவன் நிறைமாதப் பெண்டாட்டியை இதில் உட்காரவைத்து, மலை தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் தாய்வீட்டில் விட்டுவர வேண்டும். ஏறும்போதாவது இஞ்சின் இழுக்கும். இறங்கும்போது, வளைவுக்கு வளைவு, பிரேக்கை நம்பித்தான் உயிர்.

"வாசல்ல நின்னு ஊரைக் கூட்டாம ஒரு சுத்துப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"சரி. நீயும் ஏறு" என்றார் காதுக்காரர்.

அந்த "நீயும்" கொஞ்ச காலமாக வந்த புதுப் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூட அவளைக் கூட்டிப் போகாத மனுஷன், போன வருஷம் ஒருநாள் திடீரென்று, "வண்டி பாக்கப் போறேன், நீயும் வாயேன்" என்றார். அன்றிலிருந்து யார் யாருடைய வண்டியிலோ பின்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தாள். முடிந்ததும் டீக்கடை. "உனக்கு என்ன சத்தம் கேட்டுச்சு, சொல்லு பாப்போம்" என்பார். அவள் வாயைக் குவித்துக் கீச்சென்றும் உய்யென்றும் செய்து காட்டுவாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "கிழடு தட்டற வயசுல புதுமாப்பிள்ளை ஆயிட்டாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல்கூடச் செய்தாள். அவரோடு வெளியே போய்வர என்றே அவள் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினாள், பூப்போட்ட வார் வைத்தது.

தம்பி வண்டி பார்த்த அன்று மட்டும் அவளுக்குக் காய்ச்சல். அவர் தனியாகத்தான் போனார்.

இப்போது தம்பி ஓட்ட, அவர் முன்னால் உட்கார்ந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றி, உள்ளங்கையை முன்பலகையில் பதித்துக்கொண்டார்.

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அடியில் கடக்கென்றது.

"கேட்டியா? முன்பக்கம் ஸ்டெபிலைசர் லிங்க். ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு. பழைய வண்டின்னா இது இருக்கும்டா, உயிருக்கு ஒண்ணும் இல்ல."

பெரிய சாலையில் வேகமெடுத்ததும் ஊம்ம் என்று ஒரு முனகல்.

"வலது பக்கம் ஒடி. பாத்தியா, முனகல் கூடுது. பாரம் இடது பக்கம் சாயுது, அதான். இடது சக்கரத்துப் பேரிங். ஊருக்குப் போயிட்டு வந்து மாத்திக்கலாம்."

தம்பி முகம் கொஞ்சம் தெளிந்தது. "மாமான்னா மாமாதான்" என்றான்.

"பின்னே? சும்மாவா காதுக்காரன்னு சொல்றானுங்க?"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. தம்பி பிரேக்கை லேசாகத் தொட்டான்.

கீ...ச்ச்ச். ஊசியைக் காதுக்குள் விட்டுத் திருப்பியதுபோல இருந்தது. நடைபாதையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. பையோடு நின்ற ஒருத்தி ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்டாள்.

காதுக்காரர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு சொன்னார்: "பிரேக்கைப் பாரு, வெண்ணெய் மாதிரி."

"இதைத்தான் மாமா சொன்னேன்!"

"எதை?"

"இப்பக் கத்துச்சே, அதை!"

"எது கத்துச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் பின்சீட்டிலிருந்து அவர் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். கடக் என்றது காலுக்குத் தெரிந்தது. முனகல் கைக்குத் தெரிந்தது. கீச்சு கைக்கும் வராது, காலுக்கும் வராது. பிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் பீப் பீப்பென்று அலறும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பாரே. அழைப்புமணி அடித்தால் அசையமாட்டாரே. அதையெல்லாம் திமிர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் அவர் துருவித் துருவிக் கேட்டதெல்லாம் மெல்லிசுச் சத்தங்களைத்தான். "கீச்சா, உய்யா? பிரேக் பிடிக்கும்போதா, விடும்போதா?"

பாவம், தனக்குக் காது போவது அவருக்கே தெரியவில்லையோ என்றுதான் முதலில் தோன்றியது.

"தம்பி, அதோ அந்தப் பட்டறையில நிறுத்தி எதுக்கும் சக்கரத்தைக் கழட்டிப் பாத்துடேன்" என்றாள், யாருக்கும் வலிக்காத குரலில்.

"ஏன், உன் தம்பிக்கு இப்ப நீ காதுக்காரியா?" அவர் பொங்கினார். "நான் பாத்துக் குடுத்த வண்டிக்கு இன்னொருத்தன் ஸ்பேனர் வைக்கறதா? சந்தையே கைகொட்டிச் சிரிக்கும். அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்? கழட்டறதுன்னா என்னை இங்கேயே இறக்கி விட்டுட்டுக் கழட்டுங்க!"

தம்பி வண்டியை ஓரங்கட்டினான். கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"அக்கா, நீ சொல்லு. உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

காதுக்காரர் திரும்பினார். முறைப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் முறைக்கவில்லை. கெஞ்சினார். வாயைத் திறக்காமல், கண்ணால். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

ஆக, தெரியும். தெரிந்துதான் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். தெரிந்துதான், அவளுக்குக் காய்ச்சல் விடும்வரை பொறுக்காமல், தனியாகப் போய், அவள் தம்பிக்கு "வாங்கு" என்று சொல்லியிருக்கிறார்.

"கேட்டுச்சு" என்றாள். "பிரேக்கைத் தொட்டதும் கத்துது. இந்த வண்டியில அவளை மலைக்குக் கூட்டிட்டுப் போகாதே."

காதுக்காரர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னதுபோல இறங்கவில்லை.

பட்டறையில் சக்கரம் கழன்றது. பிரேக் பேடு தேய்ந்து அப்பளமாகியிருந்தது. தேய்ந்ததைச் சொல்வதற்கென்றே வைத்திருக்கும் சின்ன இரும்பு நாக்கு, பிரேக் தட்டை உரசி உரசி வட்டமாகக் கோடு போட்டிருந்தது.

"இதை வெச்சுக்கிட்டா மலைக்குப் போக இருந்தீங்க?" என்றான் மெக்கானிக். "இந்நேரம் காது கிழியக் கத்தியிருக்குமே. வீட்ல ஒருத்தருக்குமா கேக்கல?"



"வாங்கின அன்னைக்கே கழட்டிப் பாக்கலாம்னேன் மாமா" என்று மட்டும் தம்பி சொன்னான். குரலை உயர்த்தவில்லை. பெண்டாட்டியிடம் நாளைக்குப் பயணம் இல்லையென்று சொல்ல போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டான்.

பழைய டயர்களுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். தப்பு என்றோ, பயம் என்றோ. தம்பி பெண்டாட்டிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்று ஆகியிருந்தால் என்றாவது.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார் கடைசியில். "உன் தம்பிகிட்டயும் பேசி வை. வர்ற வாரம் ஒரு வண்டி பாக்கக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய இடம். நீயும் வா."

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். பூப்போட்ட வாரில் கிரீஸ் ஒட்டியிருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து, தன் வாயசைவு தெரியும்படி அவர் எதிரே வந்து நின்றாள். அவருக்கு நன்றாகக் கேட்கும் கனத்த குரலில், நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"இத்தனை நாள் என்னைக் கூட்டிட்டுப் போனீங்களே, அதுல ஒரு நாளாவது எனக்காகக் கூட்டிட்டுப் போனீங்களா?"