டாக்டர் குத்திப் பார்த்த யாட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மொட்டைமாடியில். துணி காயப்போடப் போயிருந்தேன். (இரண்டே இரண்டு துண்டு. முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.) பக்கத்து வீட்டுப் பின்வாசலில் பல் டாக்டரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கிளினிக்கை நிரந்தரமாகப் பூட்டி இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு பழைய மோட்டார் யாட்டை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். கடலில் உல்லாசமாகச் சுற்றுவதற்கென்று ஐம்பது வருடத்துக்கு முன் மரத்தில் செய்தது. வெறும் படகு என்று சொல்லிவிட்டால் அவர் முகமே மாறிவிடும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீலக் கடலின்மேல் பொன்வெயில் தவழ்ந்த அந்த மாலையில், கம்பீரமாக அசைந்தாடிய..."

வேண்டாம். அன்று மேகமூட்டம். யாட் அசையவும் இல்லை. படகு பழுதுபார்க்கும் பட்டறையில் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா "துணைக்கு வாங்களேன்" என்றதால் நானும் போனேன். (கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.) அவர் டாக்டர் இல்லை, டாக்டரின் மனைவி. முப்பது வருடம் கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவர்.

3

யாட்டைப் பரிசோதிக்க வந்தவர் சின்னச் சுத்தியலால் அடிப்பலகைகளைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஓரிடத்தில் மட்டும், தொப்.

"சார், இங்க மரம் உளுத்துப்போச்சு. இன்னும் நாலஞ்சு இடம் இருக்கும். என்னைக் கேட்டா விட்டுடுங்க."

வேறு யாராவது என்றால் வண்டியைத் திருப்பியிருப்பார்கள். இவர் சட்டைப்பையிலிருந்து சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கிக் கம்பியை எடுத்தார். கிளினிக்கைப் பூட்டியவர் அதை ஏன் இன்னும்... (இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். கொஞ்சம் உருக்கமாகப் போய்விட்டது.) உளுத்த இடத்தில் வலிக்காமல் குத்தினார்.

"ஆழமா போகலை. காப்பாத்திடலாம்."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"பிடுங்குங்கன்னு அழுதுட்டு வந்தவங்க பல்லையே இவர் பிடுங்கினதில்லைங்க," என்றார் அவர். "ஒரு பல்லுக்கு எட்டு தடவை வரச் சொல்வார். மதியச் சாப்பாடு எங்க வீட்டுல நாலு மணிக்கு."

4

டாக்டரம்மாவைச் சிடுமூஞ்சியாக எழுதிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம் என்றும் எழுதிப் பார்த்தேன். பொய். பரிசோதகர் கிளம்பியதும் முதலில் ஏணியில் ஏறியது அவர்தான். உள்ளே பித்தளைக் கைப்பிடியை முந்தானையால் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. தண்ணியில இறக்க எவ்வளவு நாளாகும்?"

"நானே பார்த்துப் பார்த்துப் பண்ணா... மூணு வருஷம்."

"மூணு வருஷமும் நீங்க இதுக்கு அடியில படுத்திருப்பீங்க. நான் மறுபடியும் வாசல்ல உட்கார்ந்திருக்கணும். இனிமே நாள் முழுக்க உன்கூடத்தான்னு சொன்னது யாரு?"

டாக்டர் கொக்கிக் கம்பியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

5

என்னிடம் முடிவுகள் இருக்கின்றன. வாங்குகிறார், உளியோடு அடியில் போய்ப் படுக்கிறார். (என் வீட்டுக்காரருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அவருக்கும் எங்கேயாவது போய்ப் படுக்க வேண்டும்.) அல்லது வாங்கவில்லை, வீட்டு அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார், ஒரே வாரத்தில் டாக்டரம்மாவே போய் யாட்டை வாங்குங்கள் என்று துரத்திவிடுகிறார். அல்லது அவரும் ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கணவர் பக்கத்தில்... இது சினிமா.

நடந்தது இவ்வளவுதான். வாங்குகிறாரா இல்லையா என்று கேட்க யாட்டின் சொந்தக்காரர் ஐந்து மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் அடிக்கிறது. டாக்டர் எடுக்காமல் மனைவியைப் பார்க்கிறார். அவர் அதை எடுத்துக் கணவர் கையில் வைக்கிறார்.

"பேசுங்க. எதைச் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். சத்தியமாக. இதற்கு மேல் என்னால் முடியாது. தெரிய வேண்டுமானால் நீங்களே வந்து நில்லுங்கள். இடது கதவு சரியாகப் பொருந்தாது. அங்கே காதை வைத்தால் நன்றாகக் கேட்கும்.